அண்ணன் சிரிக்கவில்லை

என் கூடப் பிறந்த மாணிக்கண்ணே,

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். ஜப்பான்காரன் போய்விட்டான். நீ போன பிறகும் ஒரு மழைக்காலம் இருந்தான். அப்புறம் ஒரு நாள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வரிசையாக நடந்து போனான். நானும் கப்பல்துறைப் பக்கம் போய் நின்று பார்த்தேன். ஒருத்தர்கூட அவனுக்குக் குனியவில்லை. எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. கழுத்து வலிக்க வலிக்கக் குனிந்தவன் நீ, குனிந்ததற்கும் சேர்த்து அடி வாங்கியவன்.

பினாங் ரோட்டில் விளக்கு எரிகிறது, அண்ணே. யார் வீட்டு ஜன்னலிலும் கறுப்புத் துணி இல்லை. பாசாரில் அரிசி வருகிறது. பாதிக்குப் பாதி கல், ஆனாலும் அரிசி. பாக்கியம் அண்ணி முதல் நாள் சோறு வடித்துவிட்டு, வாயில் வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஏன் அண்ணி, ஆறிடப் போவுது," என்றேன். "அவருக்கு ஊபியே போட்டு அனுப்பிச்சிட்டேன் அஞ்சல," என்றாள். மரவள்ளிக்கிழங்கைத்தான் சொல்கிறாள். மூன்று வேளையும் அதைத்தானே தின்றோம்.

இப்போது கெட்ட சேதி. நீ வேலை செய்த வார்ப்புப் பட்டறையின் ஜன்னல்கள் இன்னும் அடைத்தபடியேதான் இருக்கின்றன.

அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். உனக்கு மட்டும் சொல்வதென்றால் சாமி முன்னால் நின்று மனசுக்குள் சொல்லிவிட்டு வந்திருப்பேன். ஊருக்கும் கேட்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். எழுதியதை ஜெலுத்தோங் மாரியம்மன் கோயில் வாசலில் எல்லார் முன்னாலும் வாசிக்கப் போகிறேன். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தமிழ்ப் பள்ளியில் விட்டவன் நீதானே? "பொட்டப்புள்ளைக்கு எதுக்குடா படிப்பு?" என்று அப்பா கேட்டபோது, "நாளைக்கு எனக்கே லெட்டர் போடுவா, பாத்துக்கிட்டே இரு," என்றாய். போடுகிறேன், பார்.

போன வாரம் மீன் கடையில் மண்டோரைப் பார்த்தேன். அதே மண்டோர்தான், உன் தலைக்கு மேல் நின்று வேலை வாங்கியவன். வேட்டி வெளுத்திருக்கிறது, தொப்பை கொஞ்சமும் இறங்கவில்லை. என்னைப் பார்த்ததும் பக்கத்தில் நின்றவர்களுக்கு அறிமுகப்படுத்துகிறான். "இது யாரு தெரியுதா? நம்ம சிரிப்பு மாணிக்கத்தோட தங்கச்சி. பாவம்லா அவன். நல்ல வேலைக்காரன். தண்ணி போட்டுப் போட்டே லோங்காங்ல விழுந்து செத்தான்."

குடித்துச் சாக்கடையில் விழுந்தாயாம்! நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். "என் அண்ணன் வாயில கள்ளு வாசத்த நீ என்னிக்கு மோந்து பாத்த?" என்று கேட்டேன்.

"கோவப்படாதம்மா. தண்ணி போடாமத்தான் சேவல் மாதிரி நடந்தானா? தண்ணி போடாமத்தான் எந்நேரமும் சிரிச்சானா?"

கையிலிருந்த மீனை அவன் மூஞ்சியில் வீசியிருப்பேன். இவ்வளவு நாள் கழித்து வாங்கிய மீன், மனசு வரவில்லை.

நீ சிரிக்கவில்லை, அண்ணே. அதைத்தான் இந்த ஊருக்குச் சொல்லியாக வேண்டும். தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன், நீயும் கேட்டுக்கொண்டிரு. தப்பாகச் சொன்னால் கனவில் வந்து குட்டு.

ஜப்பான்காரன் வந்த புதிதில் ஆள் பிடிக்கிற லாரி வந்துகொண்டே இருந்தது. சயாமில் ரயில் பாதை போடுகிறார்களாம், நல்ல சோறு போடுவார்களாம். போனவன் எவனும் ஒரு வரி எழுதவில்லை. ஜெலுத்தோங் கடற்கரைப் பட்டறையில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் கையில் கட்ட ஒரு சிவப்புப் பட்டை கொடுத்தார்கள். அந்தப் பட்டை இருந்தால் லாரிக்காரன் தொடமாட்டான். உனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பட்டை கிடைத்த அன்று அண்ணி மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினாள். கூழுக்கும் ஊபி மாவுதான். "தப்பிச்சிட்டோம் அஞ்சல," என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

உன் மாப்பிள்ளை, அதுதான் என் வீட்டுக்காரர், வெளியே முற்றத்தில் பழைய இரும்பு உடைத்தார். நீ உள்ளே உலையடியில் நின்றாய். பங்களா வீட்டு வேலிக் கம்பி, குண்டு விழுந்த கப்பலின் தகடு, பாலத்துக் கைப்பிடி, எதையும் விடவில்லை அவர்கள். எல்லாவற்றையும் உருக்கிக் கப்பலுக்கு ஏதேதோ வார்த்தார்கள். இரும்பு கெட்டியாவதற்கு என்று கிழக்குக் கரையிலிருந்து மூட்டை மூட்டையாகக் கறுப்புக் கல் வந்தது. அதை இடித்துத் தூளாக்கி உலையில் போடுவது உன் வேலை. தூள் விழுந்ததும் பழுப்பாக ஒரு புகை எழும்பும் என்பாய். அந்தப் பழுப்பு உன் சட்டையில் இருந்தது, தலைமுடியில் இருந்தது. துப்பினால் எச்சிலிலும் இருந்தது.

சரி, புகை இல்லாத பட்டறை உண்டா? கிடையாது. ஆனால் மற்ற பட்டறைக்கெல்லாம் ஜன்னல் திறந்திருக்கும். இங்கே பிளாக்கவுட் உத்தரவு போட்டார்கள். உலை வெளிச்சம் கடலுக்குத் தெரிந்தால் பிளேன்காரன் குண்டு போட்டுவிடுவானாம். அதனால் ஜன்னல் ஒவ்வொன்றுக்கும் பலகை வைத்து, ஆணி அடித்து, இடுக்கில் தாரும் பூசினார்கள். வெளிச்சம் வெளியே போகவில்லை. புகை மட்டும் எப்படிப் போகும்? நீங்கள்தான் அதை மூச்சாக இழுத்து உள்ளே வைத்துக்கொண்டீர்கள்.

முதலில் உன் குரல் போனது. வெள்ளிக்கிழமை பஜனையில் நீ எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்கள் பாடுவார்கள், தெருக்கோடி வரைக்கும் கேட்கும். கொஞ்சம் கொஞ்சமாக அது தணிந்தது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி முணுமுணுத்தாய். "சத்தமாப் பாடுண்ணே," என்று பின்னாலிருந்து கத்தினார்கள். சத்தமாகத்தான் பாடுகிறேன் என்றாய் நீ. உனக்கு அப்படித்தான் தோன்றியிருக்கிறது.

அப்புறம் நடை மாறியது. குதிகால் தரையில் படாமல் விரலில் நின்று நின்று நடந்தாய். தெருப் பிள்ளைகள் 'சேவல் சேவல்' என்று பின்னால் நடந்து காட்டினார்கள். முகமும் இறுகிப்போயிற்று. இமைகூடச் சரியாகக் கொட்டவில்லை. அந்த இறுகின முகத்தில் எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்த வீட்டுக்காரனை லாரியில் ஏற்றிக்கொண்டு போன அன்று, அவன் பெண்டாட்டி நம் வாசலில் புரண்டு அழுதாளே, அப்போது சிரித்தாய். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாய். அவள் எழுந்து உன்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்குள் இருக்கிறது. "மண்ணாப் போவ!" என்று மண்ணை வாரி வீசிவிட்டுப் போனாள். உன்னை உள்ளே தள்ளிக்கொண்டு போய், "உனக்கென்ன பேயா புடிச்சிருக்கு? இதுக்கா சிரிப்ப?" என்று கேட்டேன். உன் வாய் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"நான் சிரிக்கல அஞ்சல," என்றாய். "மூஞ்சிதான் சிரிக்கிது. நிறுத்த முடியல. நான் உள்ள அழுதுகிட்டுத்தான் இருக்கேன்."

இதைக் கேட்டவள் நான் ஒருத்திதான். அதனால்தான் நான் எழுத வேண்டியிருக்கிறது.

பட்டறைக்குப் போகிற வழியில் ஜப்பான் காவல்காரன் நிற்பான். எல்லாரும் நின்று குனிந்துவிட்டுத்தான் போக வேண்டும். நீயும் குனிந்தாய். குனிந்தால் உன்னால் நிற்க முடியவில்லை. உடம்பு முன்னால் போக, கால் குடுகுடுவென்று அதன் பின்னால் ஓடி, நேராகப் போய் அவன் மேலேயே மோதினாய். மோதிவிட்டுச் சிரித்தாய். இந்த ஊரில், அந்தக் காலத்தில், ஜப்பான்காரன் முகத்துக்கு நேராகச் சிரித்தவன் நீ ஒருத்தன்தான் இருப்பாய். "பக்கேரோ!" என்று கத்திக்கொண்டு அறைந்தான். அறைய அறைய நீ சிரித்தாய். வெயிலில் கல்லைத் தூக்கிக்கொண்டு நிற்கவைத்தான். உனக்காக மன்னிப்புக் கேட்கப் போன மண்டோர் என்ன சொன்னான் தெரியுமா? "இவன் குடிகாரன் துவான், விட்ருங்க." உன்னைக் காப்பாற்றினானாம். அன்றைக்கு ஒட்டிய பெயர்தான், இன்றைக்கு மீன் கடை வரைக்கும் வருகிறது.

கோயிலிலும் அதுவே நடந்தது. நம் வழக்கம் உனக்குத் தெரியாதா? கும்பிட்டு முடித்தால் அம்மனுக்கு முதுகு காட்டக் கூடாது. கை கூப்பியபடியே பின்னால் நாலு எட்டு வைத்து, அப்புறம்தான் திரும்ப வேண்டும். சின்ன வயதிலிருந்து செய்கிறது, யாரும் யோசித்துச் செய்வதில்லை. அந்த வெள்ளிக்கிழமை நீ பின்னால் ஒரு காலை எடுத்து வைத்தாய். அவ்வளவுதான், வெட்டின மரம் மாதிரி மல்லாக்க விழுந்தாய். கையை ஊன்றக்கூட இல்லை. எண்ணெய்க் கிண்ணம் உருண்டது, பூசாரி அலறினார். விழுந்து கிடந்தும் உன் முகம் சிரித்தது.

அன்றைக்கே ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பாதிப் பேருக்கு நீ குடிகாரன். மீதிப் பேருக்கு உன்மேல் ஏதோ ஏறியிருக்கிறது. அண்ணி வீட்டார் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவன் வேப்பிலைக் கொத்தால் உன்னை அடித்த அடியில் இலையெல்லாம் உதிர்ந்து குச்சிதான் மிஞ்சியது. "யார்ரா நீ? எங்கேருந்துடா வந்தே?" என்று கேட்டான். நீ அந்தத் தணிந்த குரலில், "பட்டறையிலேருந்து வர்றேன்," என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். அத்தனை பேர் சொன்னதிலும் நிஜம் அது ஒன்றுதான், அண்ணே.

யாழ்ப்பாணத்து டாக்டரய்யாவிடமும் போனோம். நல்ல மனிதர், நான் குறை சொல்ல மாட்டேன் என்று நினைத்தேன். ஆனால் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. வாசல் வரைக்கும் வீங்கிய காலும் வெளுத்த முகமுமாய்க் கூட்டம். உன்னைப் பார்த்தார், முழங்காலில் தட்டினார். "ஊரெல்லாம் இப்ப பெரிபெரிதான் பிள்ளை. அரிசி இல்லை, எல்லாரும் மரவள்ளி. நரம்பு பெலன் இழந்து போகும். தவிடு கிடைச்சாக் கரைச்சுக் குடுங்கோ," என்றார். என்ன வேலை செய்கிறாய் என்று கேட்கவில்லை. நானும் தவிட்டுக்கு அலைந்தேன். கரைத்துக் கரைத்துக் கொடுத்தேன். நீயும் முகம் சுளிக்காமல் குடித்தாய். சுளிக்க உன் முகத்தால் முடியாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

அடுத்த அமாவாசைக்குப் பக்கத்து உலையில் நின்ற சங்கிலி அதே கோயிலில், அதே இடத்தில், பின்னால் எட்டு வைத்து விழுந்தான். அவன் பெண்டாட்டி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். உன் முகத்தை எடுத்து அவனுக்கு மாட்டிவிட்ட மாதிரி இருந்தது.

எனக்குச் சுரீரென்றது. நாங்கள் எல்லாரும் அதே ஊபியைத்தானே தின்றோம்? நான் தின்றேன், அண்ணி தின்றாள், முற்றத்தில் இரும்பு உடைக்கிறவர்கள் தின்றார்கள். எங்களுக்குக் கால் வீங்கியது, கண் மங்கியது, முடி கொட்டியது. எங்களில் ஒருத்தருக்காவது மூஞ்சி சிரித்ததா? எங்களில் யாராவது பின்னால் நடக்க முடியாமல் விழுந்தோமா? உலையடியில் நிற்கிறவர்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். தன் புருஷன் குரல் போய்விட்டது என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, "எங்க வீட்டுக்காரு என்னப் பாத்தா மொறைக்கிறாருக்கா, கண்ணையே சிமிட்ட மாட்டேங்கிறாரு," என்றாள். எல்லாம் உள்ளே நிற்கிற ஆட்கள். வெளியே நிற்கிறவன் ஒருத்தனுக்கும் இல்லை. இதற்குப் படிப்பு எதற்கு? கண் இருந்தால் போதாதா?

நானும் அண்ணியும் மண்டோரிடம் போனோம். அதையாவது உன்னிடம் சொன்னேனா? சொல்லவில்லை, நீ தடுப்பாய் என்று.

"ஜன்னலத் தொறந்து விடுங்க மண்டோரே. உள்ள நிக்கிறவங்களப் பொகை கொல்லுது," என்றேன்.

"பிளாக்கவுட் உத்தரவும்மா. தொறந்தா என் தலை போயிரும்."

"ராத்திரிக்கு அடைங்க. பகல்ல தொறங்க. பட்டப்பகல்ல எந்தப் பிளேன்காரன் அடுப்பு வெளிச்சத்தப் பாக்கப் போறான்?"

அவன் ஒரு நிமிஷம் யோசித்தான். அதுவரைக்கும் அவனுக்கு அது தோன்றவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. அப்புறம் சமாளித்துக்கொண்டான். "ஆணி அடிச்சாச்சேம்மா. தெனம் காலைல புடுங்கி, சாயங்காலம் அடிக்க முடியுமா?"

"கீல் போட்டா ஆணி எதுக்கு? கதவு மாதிரி தொறந்து மூடலாம்."

"கீலுக்கு இரும்பு ஏது? இருக்கிற இரும்பெல்லாம் கப்பலுக்குப் போவுது."

சொன்ன இடம் எது தெரியுமா? இரும்பு மலை மாதிரிக் குவிந்து கிடக்கிற முற்றம். அவன் பழைய வேலிக் கம்பியில் சாய்ந்துகொண்டுதான் சொன்னான். அண்ணி காலடியில் துருப்பிடித்த கீல் ஒன்று கிடந்தது. குனிந்து எடுத்து அவன் முன்னால் வைத்தாள். அவன் அதைக் காலால் குவியலுக்குள் தள்ளிவிட்டான். ஒரு மனுஷன் உயிருக்குக் கீல் போட மனசில்லை அவனுக்கு.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். எங்களுக்குத்தான் இன்னும் ஆறவில்லை. பிளேன் துறைமுகத்துக்கு வந்தது, சங்கு ஊதியது. எல்லாரும் பட்டறையை விட்டு ஓடினார்கள். நீ வாசற்படியில் நின்றுவிட்டாயாம். கால் தரையில் ஒட்டிக்கொண்டதாம். உன் மாப்பிள்ளை முற்றத்திலிருந்து, "வாங்க மச்சான், வாங்க!" என்று கத்தியிருக்கிறார். பின்னால் வந்தவன் எவனோ பயத்தில் தள்ளினான். தள்ளியதும் உன் கால் ஓடத் தொடங்கியது, நிற்கவில்லை. குனிந்தபடி குடுகுடுவென்று ஓடிப் போய் லோங்காங்கின் கல் விளிம்பில் தலை மோத விழுந்தாய். குண்டு ஒன்றும் நம் பக்கம் விழவே இல்லை.

குடித்துவிட்டுச் சாக்கடையில் விழுந்தவன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். உன்னைப் படுக்க வைத்தபோது முதல் தடவையாக உன் முகம் சிரிப்பை விட்டிருந்தது. என் அண்ணன் முகம் திரும்பி வந்துவிட்டதே என்று பார்த்துப் பார்த்து அழுதேன்.

உன் இடத்துக்கு ஆள் வேண்டும் என்று உன் மாப்பிள்ளையை உள்ளே இழுத்தான் மண்டோர். "உலையடி, இல்லாட்டி சயாம். எது வேணும்?" என்று கேட்டான். அவர் போனார். நான் என்ன செய்வேன், சொல்லு? ஜப்பான்காரன் போனதும் எல்லாம் சரியாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஜப்பான்காரன் போனான். பழைய முதலாளி தவுக்கே திரும்பி வந்து பட்டறையை எடுத்துக்கொண்டார். அதே உலை, மிச்சம் கிடந்த அதே கறுப்புக் கல் மூட்டைகள், அதே மண்டோர். வேறு வேலை எங்கேயும் இல்லாததால் உள்ளே நிற்பவர்களும் அதே ஆட்கள்தான்.

மீன் கடையிலிருந்து வந்த அன்று மண்டோர் சொன்னதையெல்லாம் உன் மாப்பிள்ளையிடம் சொல்லிக் கொதித்துக்கொண்டிருந்தேன். அவர் சிரித்தார். "உங்களுக்கு இது சிரிப்பா இருக்கா?" என்று சீறிக்கொண்டு திரும்பினேன். அவர் கண்ணில் தண்ணீர். அப்படியே உட்கார்ந்துவிட்டேன், அண்ணே.

மறுநாள் காலையில் அவரை இழுத்துக்கொண்டு டாக்டரய்யாவிடம் போனேன். டாக்டர் வாயைத் திறக்கும் முன் நான் திறந்தேன். "இது பெரிபெரின்னு சொல்லாதீங்கய்யா. எங்க வீட்ல இப்ப சோறுதான். இவரு கறுப்புக் கல்லப் போட்டு இரும்பு உருக்குற எடத்துல நிக்கிறாரு. ஜன்னல் கெடையாது. எங்கண்ணனும் அங்கதான் நின்னாரு. இப்ப சொல்லுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உன் மாப்பிள்ளையைப் பின்னால் நடக்கச் சொன்னார். ஒரு எட்டில் சாய்ந்தார், நான் தாங்கிப் பிடித்தேன். டாக்டரய்யா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "மாங்கனீஸ் எண்டு ஒரு உலோகம், பிள்ளை. உந்தக் கறுப்புக் கல்லில இருக்கிறது அதுதான். அதின்ர புகையும் தூளும் மூளைக்குப் போனால் இப்பிடித்தான். முகம் இறுகும், குரல் தணியும், பின்னுக்கு நடக்க ஏலாது, காரணமில்லாமல் சிரிப்பு வரும். வைத்தியர்மார் முந்தியே அறிஞ்ச வருத்தம்தான்."

"முந்தின்னா எப்பய்யா?"

"சண்டைக்குக் கன காலம் முந்தி."

கேட்டாயா? கன காலம் முந்தி! கப்பல் கட்டத் தெரிந்தவனுக்கு, பிளேன் விடத் தெரிந்தவனுக்கு, உலகத்தில் உள்ள கல்லையெல்லாம் தோண்டி எடுக்கத் தெரிந்தவனுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? உன்னிடம் ஒருத்தனும் சொல்லவில்லையே. "அப்ப எங்கண்ணன்கிட்ட ஏன்யா நீங்க கேக்கல?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல், "ஊரே பெரிபெரியாக் கிடந்துது பிள்ளை. நான் கேக்கேல்லை," என்றார்.

மாறுமா என்றேன். "இண்டைக்கே அங்கயிருந்து எடுங்கோ. போனது திரும்பி வருமெண்டு நான் பொய் சொல்ல மாட்டன். மிச்சத்தைக் காப்பாத்தப் பாப்பம்," என்றார். எடுத்துவிட்டேன், அண்ணே. உன் மாப்பிள்ளை இப்போது வீட்டில் இருக்கிறார். நானும் அண்ணியும் இட்டிலி அவித்து விற்கிறோம். அவர் மாவாட்டுகிறார், மெதுவாக. சில நாள் நன்றாக நடக்கிறார், சில நாள் இல்லை. மற்றவர்கள் வீட்டு ஆம்பிளைகள்? சங்கிலி இன்னும் அங்கேதான் நிற்கிறான்.

மண்டோரிடம் திரும்பவும் போனேன். இந்தத் தடவை உலையடி ஆட்களின் வீட்டுப் பெண்கள் எல்லாரும் கூட வந்தார்கள். "பிளாக்கவுட் முடிஞ்சி போச்சே, பலகையக் கழட்டுங்க," என்றோம். அவன் சொன்ன பதிலை நீ கேட்க வேண்டும். "அடைக்கச் சொல்லி உத்தரவு வந்துச்சு, அடைச்சேன். தொறக்கச் சொல்லி உத்தரவு வரலியேம்மா."

"உத்தரவு போட்டவன் கப்பலேறிப் போயிட்டான்யா!" என்று கத்தினேன்.

"அதுக்கு நான் என்ன பண்றது? புதுசா வந்தவங்க யாராச்சும் சொல்லட்டும்லா. தொறந்தா மழைச் சாரல் அடிச்சு இரும்பு வார்க்கிற மண் அச்சு நனஞ்சிரும், அதையும் பாக்கணும்ல." தவுக்கேயிடம் போனால், எல்லாம் மண்டோரைக் கேள் என்கிறார். மண் அச்சு நனையக் கூடாதாம், அண்ணே. மண்ணுக்கு இருக்கிற மதிப்பைப் பார்த்தாயா?

இந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்கு உன் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனேன். சங்கிலியும் வந்திருந்தான். தீபாராதனை முடிந்தது. எல்லாரும் கை கூப்பிப் பின்னால் எட்டு வைக்கிற நேரம். அவர் என் கையை இறுக்கிப் பிடித்தார். விழுந்துவிடுவோமே, ஊர் சிரிக்குமே என்ற பயம் அந்தக் கையில் இருந்தது, முகத்தில் இருக்க முடியாதே.

அப்போது பாக்கியம் அண்ணி அம்மனுக்கு முதுகு காட்டித் திரும்பினாள். அண்ணே, உன் பெண்டாட்டி! வேப்பிலைக்காரனைக் கூட்டிவந்த வீட்டுப் பெண்! திரும்பி விறுவிறுவென்று வாசலைப் பார்த்து நடந்தாள். பூசாரி பதறி, "என்ன பாக்கியம், தாய்க்கு முதுகக் காட்டுற?" என்றார். "பின்னால நடந்தா எங்க ஆம்பளைங்க விழுந்துருவாங்க சாமி. ஏன் விழுறாங்கன்னு ஆத்தாவுக்குத் தெரியும்," என்றாள். அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. நான் திரும்பினேன். சங்கிலி பெண்டாட்டி திரும்பினாள். ஒவ்வொருத்தியாக, ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பினோம். எங்கள் நடுவில் உன் மாப்பிள்ளையும் சங்கிலியும் திரும்பி, நேராக நடந்து, விழாமல் வெளியே வந்தார்கள். அம்மனுக்குக் கோபம் வந்தால் என்னிடம் வரட்டும், பதில் வைத்திருக்கிறேன்.

வாசலில் நின்றே பேசி முடித்துவிட்டோம். நாளைக்கு இதை அங்கே வாசிப்பேன். வாசித்த கையோடு பட்டறைக்குப் போகிறோம். உன் பழைய கடப்பாரை என்னிடம்தான் இருக்கிறது. யார் உத்தரவுக்கும் காத்திருக்கப் போவதில்லை. சாரல் அடித்தால் அடிக்கட்டும், மண் அச்சு நனைந்தால் மண்டோர் வெயிலில் காயவைக்கட்டும். பலகை எல்லாவற்றையும் பிடுங்குவோம். தடுக்க வந்தால் வரட்டும், இத்தனை பெண்களை எந்த லாரியில் ஏற்றுவான் என்று பார்ப்போம்.

உன் உலைக்கு நேரே இருந்த ஜன்னலைத்தான் நான் முதலில் எடுப்பேன். அந்தப் பலகையை மட்டும் யாருக்கும் கொடுக்க மாட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து, வெட்டி, உன் திதிக்கு அதில்தான் அடுப்பு மூட்டுவேன். தார் நாற்றம் அடித்தால் அடிக்கட்டும். ஜன்னலும் கதவும் அகலத் திறந்து வைத்து, ஊபி இல்லை, நல்ல சோறாகப் பொங்கி உனக்குப் படைப்பேன். இது சத்தியம். வந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போ, அண்ணே.

உன் அழுகையை அறிந்த ஒரே தங்கச்சி,
அஞ்சலை